சேப்பாக்கத்தில் படிக்க வருபவர்களுக்கு: கால்வாய்க்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவுடன் பெட்டி கட்டுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: உங்கள் துறை எந்த வளாகத்தில் இருக்கிறது? ‘மெட்ராஸ் யூனிவர்சிட்டி’ என்றால் எல்லோரும் கடற்கரைச் சிவப்புக் கட்டடத்தைத்தான் கை காட்டுவார்கள். ஆனால் தமிழும் மற்ற மொழித் துறைகளும் அதற்குத் தெற்கே மெரினா வளாகத்தில் இருக்கின்றன. அறிவியல் துறைகளில் பல கிண்டியில், அடிப்படை மருத்துவ அறிவியல் தரமணியில். கணிதத்துக்கான இராமானுஜன் நிறுவனமும் தொலைநிலைக் கல்வி நிறுவனமும் சேப்பாக்கத்திலேயே உள்ளன. கிண்டியில் வகுப்பை வைத்துக்கொண்டு திருவல்லிக்கேணியில் மேன்ஷன் என்னும் வாடகை அறைக் கட்டடத்துக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு விழிப்பவர்கள் ஒவ்வொரு ஜூலையிலும் உண்டு. ஒரே ஆறுதல், பறக்கும் ரயில் இந்த நான்கையும் ஒரே தடத்தில் தொட்டுச் செல்கிறது. சேப்பாக்கம் வளாகத்துக்குச் சேப்பாக்கம் ஸ்டேஷன், மெரினா வளாகத்துக்குத் திருவல்லிக்கேணி ஸ்டேஷன். கிண்டி வளாகத்துக்குக் கோட்டூர்புரத்தில் இறங்கி அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். தரமணியும் அதே பாதையில்தான், இன்னும் தெற்கே.

இனிச் சொல்வதெல்லாம் சேப்பாக்கம், மெரினா வளாகக்காரர்களுக்கு.

முதலில் வரைபடத்தை மனத்தில் வாங்குங்கள்

வடக்கே கூவம், கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய், அதை ஒட்டியே தூண்களின் மேல் பறக்கும் ரயில். கால்வாய்க்குக் கிழக்கே இருப்பதெல்லாம் பெரிய மதில் சுவர்களுக்குள் அடங்கிய அரசுக் கட்டடங்கள்: பல்கலைக்கழகம், சேப்பாக்கம் அரண்மனை, எழிலகம், மாநிலக் கல்லூரி. ஐந்து மணிக்கு மேல் அங்கே ஒரு டீக்கடையைத் தேடுவதே பெரும்பாடு. சாப்பாடு, வாடகை அறை, ஜெராக்ஸ், மருந்துக்கடை, பழைய புத்தகம் எல்லாம் கால்வாய்க்கு மேற்கே திருவல்லிக்கேணியில்.

ஆகவே கால்வாயை எங்கே கடக்கலாம் என்று தெரிந்துகொள்வதுதான் இந்தப் பகுதியைத் தெரிந்துகொள்வது. நினைவில் வைக்க வேண்டிய சாலைகள் நான்கு. வடக்கிலிருந்து வரிசையாக வாலாஜா சாலை, பாரதி சாலை, பெசன்ட் சாலை, ராதாகிருஷ்ணன் சாலை. மேப்பில் நேர்க்கோட்டில் 600 மீட்டர் என்று காட்டும் இடத்துக்கு நடந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆவது இதனால்தான். அறை பார்க்கப் போகும்போது வீட்டுக்காரர் ‘அதோ தெரியுது பாருங்க காலேஜ்’ என்று மாடியிலிருந்து காட்டுவார். தெரிவது உண்மைதான். எந்தப் பாலத்தின் வழியாகப் போக வேண்டும் என்று கேளுங்கள்.

இன்னொரு சிக்கல் பெயர்கள். பலகையில் ஒன்று, ஊர் வாயில் வேறொன்று. பாரதி சாலையை ஆட்டோக்காரர்கள் பைகிராஃப்ட்ஸ் ரோடு என்பார்கள். காயிதே மில்லத் சாலை அவர்களுக்கு டிரிப்ளிகேன் ஹை ரோடு. பாபு ஜெகஜீவன்ராம் சாலை என்று சொன்னால் யோசிப்பவர், பெல்ஸ் ரோடு என்றால் உடனே வண்டியை எடுப்பார். விவேகானந்தர் இல்லத்துக்கும் அதைச் சுற்றிய வட்டாரத்துக்கும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். 1840களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த கிடங்கு அது. பனிக்கட்டி வியாபாரம் நின்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் பெயர் கரையவில்லை. 1897-இல் மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கியதால்தான் இப்போதைய பெயர்.

வந்து சேர்வது

சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோவில் நீல வழித்தடத்தில் ஒரே நிறுத்தம், அரசினர் தோட்டம். எழும்பூரிலிருந்து என்றால் பச்சைத் தடத்தில் சென்ட்ரல் வந்து மாற வேண்டும். விமான நிலையத்திலிருந்து மாறாமலே வரலாம். அரசினர் தோட்டத்தில் வெளியே வந்து வாலாஜா சாலையைப் பிடித்துக் கிழக்கே நேராக நடந்தால் 20 நிமிடத்தில் கடற்கரை. பெட்டியோடு வந்தால் நடக்காதீர்கள், நடைபாதை பல இடங்களில் பெயருக்குத்தான்.

தென்மாவட்டப் பஸ்ஸில் வருபவர்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடப்படுகிறார்கள். அங்கிருந்து ஒரே ஆட்டோவில் சேப்பாக்கம் வரப் பார்ப்பது, ஊரிலிருந்து வந்த பஸ் கட்டணத்தையே இன்னொரு முறை கொடுப்பதற்குச் சமம். மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து, புறநகர் மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வரை வாருங்கள். அங்கிருந்து பக்கத்திலேயே உள்ள பார்க் டவுன் நிலையத்தில் வேளச்சேரி ரயில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டைக்கு அடுத்தது சேப்பாக்கம்.

பஸ்ஸுக்கு நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய பெயர் அண்ணா சதுக்கம். பல்கலைக்கழகத்துக்கு எதிர்ப்புறமே பேருந்து முனையம். கோயம்பேட்டிலிருந்து 27பி, பூந்தமல்லியிலிருந்து 25ஜி, கிண்டிப் பக்கமிருந்து 45பி எல்லாம் இங்கே வந்து முடியும். முனையத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் என்பது மாலை நேரத்தில் சிறிய லாபமல்ல. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்திருப்பது அதற்கான அடையாளம். டீலக்ஸ், ஏசி வண்டிகளில் இந்தச் சலுகை கிடையாது. கைகாட்டி ஏறிய பிறகு நடத்துநரோடு வாதாடிப் பயனில்லை.

பறக்கும் ரயில் நிலையங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அளவுக்கு மீறிப் பெரிதாகக் கட்டியவை. கீழ்த்தளங்கள் பகலிலேயே அரையிருட்டு. ரயில் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய்விடுங்கள், படியேறவே நேரம் போகும். இரவில் தனியாகப் போவதானால் பஸ்ஸே மேல்.

ஆட்டோவுக்கு 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கணக்கில் யாரும் ஓட்டுவதில்லை, கேட்டால் சிரிப்பார்கள். ஏறுமுன் செயலியில் விலை பார்த்துவிட்டுப் பேசுவது ஒன்றே வழி.

அறை பிடிப்பது

திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் ஆண்களுக்கானவை. நான்கைந்து மாடி, மாடிக்கு ஒரு நீள நடை, இருபுறமும் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள், கோடியில் பொதுக் கழிப்பறை. வேலை தேடி வந்தவர், மெடிக்கல் ரெப், அரசுத் தேர்வுக்குப் படிப்பவர், ஓய்வு பெற்ற பின்னும் காலி செய்யாதவர் என்று எல்லோரும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருப்பார்கள். தரகர் வேண்டாம். பெல்ஸ் ரோட்டிலிருந்து பெரிய தெரு வரை நடந்து, வாசலில் மேனேஜரிடம் நேரே கேட்பதுதான் முறை. மாத முதல் வாரத்தில் கேட்டால் காலி இருக்காது. 25-ஆம் தேதிக்கு மேல் போனால், காலி செய்யப் போகிறவர் யார் என்று மேனேஜருக்குத் தெரிந்திருக்கும்.

அறையைப் பார்க்கும் முன் குழாயைத் திறந்து பாருங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. குளிக்கலாம், ஆனால் தலைமுடி கயிறாகும், சோப்பு நுரைக்காது. குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் எந்த நேரம் வரும், மேல்மாடிக்கு ஏறுமா என்று கேளுங்கள். அடுத்து மின்சாரம். வாடகையோடு சேர்த்தா, தனி மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு? இதைக் கேட்காமல் வந்தவர்களின் முதல் மாதச் சண்டை இதைப் பற்றித்தான் இருக்கும். ஒரு மாடியில் எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை என்று எண்ணிவிடுங்கள். காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் எண்ணவே வேண்டாம், வரிசை சொல்லிவிடும். கடைசியாக, இரவு கதவு எப்போது பூட்டுவார்கள் என்பது.

வீடாக எடுத்து நான்கு பேர் பகிர்ந்துகொள்வதானால் திருவட்டீஸ்வரன்பேட்டை, மீர்சாகிப்பேட்டை, ராயப்பேட்டைச் சந்துகளில் தேடலாம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்ட காலம் முழுக்கப் போய்விடவில்லை. 2017 வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். ‘வேறு உடன்பாடு’ என்ற அந்த வாசலில் நுழைந்துதான் பெரும்பாலோர் அதிகம் கேட்கிறார்கள், ஆகவே கையெழுத்திடும் முன் தொகை எழுதிய வரியைப் படியுங்கள். மாணவிகள் தனியார் விடுதி பார்த்தால், பெண்கள் விடுதிகளுக்கான 2014 சட்டத்தின்கீழ் பதிவு செய்ததா என்று கேட்டு உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடம் வேண்டாம்.

சாப்பாடு

டிரிப்ளிகேன் ஹை ரோட்டில் 1948-இலிருந்து இருக்கும் ரத்னா கபேவில் சாம்பார் இட்லி கேட்டு வாங்குங்கள். தட்டில் இட்லி தெரியாத அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள், தீர்ந்தால் பாத்திரத்தோடு வந்து மறுபடி ஊற்றுவார்கள். இட்லியைப் பிட்டு உடனே சாப்பிடாமல் இரண்டு நிமிடம் ஊறவிட வேண்டும். அசைவம் வேண்டுமென்றால் சேப்பாக்கம் கிரிக்கெட் ஸ்டேடியத்துக்குப் பக்கத்துச் சந்தில் நாயர் மெஸ். மதியம், மீன் குழம்பும் வஞ்சிர வறுவலும். ஒரு மணிக்குப் போனால் சாப்பிடுபவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று காத்திருக்க வேண்டிவரும். பன்னிரண்டரைக்கே போய்விடுவது நல்லது. தினசரிக்கு இவையெல்லாம் கட்டுப்படியாகாது. மேன்ஷன்காரர்களை நம்பி நடக்கும் பெயரில்லா மெஸ்களில் மாத டோக்கன் வாங்கலாம், ஆனால் முதல் மாதமே மொத்தமாகக் கட்டாதீர்கள். ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்த்தால் ரசத்தின் தரம் தெரிந்துவிடும்.

காய்கறி, பழம் வாங்க பாரதி சாலையில் ஜாம்பஜார். அதே சாலையின் நடைபாதையில்தான் பழைய புத்தகக் கடைகள். பாடப் புத்தகத்தின் பெயரைச் சொன்னால் கடைக்காரரே அடுக்கிலிருந்து உருவுவார். பதிப்பு ஆண்டைப் பார்த்து வாங்குங்கள், பாடத்திட்டம் மாறிய பழைய பதிப்பு பாதி விலைக்கும் லாபமில்லை. லேப்டாப் சார்ஜர், கேபிள், பழுதுபார்ப்புக்கு அண்ணா சாலையைத் தாண்டி ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள்.

சுற்றிப் பார்ப்பது: ஒரு மாலை நடை, ஒரு காலை நடை

மாலை நடை கடற்கரைச் சாலையில், வடக்கிலிருந்து தெற்காக. வெயில் முதுகுக்கும் வலப்பக்கத்துக்கும் போய்விடும் நான்கரை மணிக்கு நேப்பியர் பாலத்தில் தொடங்குங்கள். 2022 செஸ் ஒலிம்பியாடுக்காகச் சதுரங்கக் கட்டம் அடித்த பாலம். பிறகு உங்கள் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ். ராபர்ட் சிஸம் வடிவமைப்பில் 1874-க்கும் 1879-க்கும் இடையே எழுந்தது. உள்ளே நினைத்தபோது விடமாட்டார்கள், வெளியிலிருந்தே அதன் கோபுரங்களையும் தூண் தலைப்புகளையும் பாருங்கள். வாலாஜா சாலையைத் தாண்டியதும் ஆர்க்காட்டு நவாபுக்காக 1768-இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனை. முன்னால் உள்ள கட்டடங்கள் மறைப்பதால் பலர் வருடக்கணக்கில் பார்க்காமலே போகிறார்கள். 2012 தீயில் எரிந்த, அரண்மனையின் ஒரு பகுதியான கல்சா மகால் பின்னர் சீர்படுத்தப்பட்டது. சாலைக்கு எதிரே உழைப்பாளர் சிலை, தேவி பிரசாத் ராய் சௌத்ரி வார்த்தது. நான்கு பேர் பாறையை நெம்பும் அந்தச் சிலையைச் சாலையிலிருந்து பார்ப்பதைவிடப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், உடல்களின் சாய்வு அப்போதுதான் தெரியும்.

மாநிலக் கல்லூரியைத் தாண்டினால் பாரதி சாலை முனையில் கண்ணகி. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், போப், கால்டுவெல் உள்ளிட்ட இந்த வரிசை 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவப்பட்டது. தமிழ்த்துறை மாணவர்களுக்குப் பாடத்திட்டமே நடைபாதையில் நிற்பது போலிருக்கும். மேற்கே ஓர் எல்லிஸ் சாலையும் உண்டு. கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1816-இல், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று எழுதியவர் எல்லிஸ். சிலை வரிசையில் அவருக்கு இடமில்லை.

மணலில் இறங்கினால் நீர் வரை ஐந்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும். இவ்வளவு மணல் முன்பு கிடையாது. வடக்கே துறைமுகச் சுவர் கட்டிய பிறகு, கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கே தடுக்கப்பட்டு இங்கே சேர்ந்தது. அந்த மணல் போய்ச் சேராத ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. குளிக்க இறங்காதீர்கள், நீச்சல் தெரிந்தாலும். கரை சட்டென்று ஆழமாகிறது, திரும்பும் அலையின் இழுப்பு காலுக்கடியில் மணலையே பறிக்கும். இங்கே மூழ்குபவர்களில் மாணவர்கள் அதிகம், அதனால்தான் போலீஸ் விசில். கணுக்கால் நனைத்துவிட்டுத் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலோ மிளகாய் பஜ்ஜியோ வாங்கிக்கொண்டு தெற்கே நடங்கள். கலங்கரை விளக்கம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். மேலே ஏறிப் பார்ப்பதானால் பகலில் வர வேண்டும், திங்கள் விடுமுறை. அந்த முனையில் மெட்ரோ பணிகளால் சாலை அவ்வப்போது மாறும்.

காலை நடை கால்வாய்க்கு மேற்கே, ஆறு மணிக்கு. திருவல்லிக்கேணி ஸ்டேஷனிலிருந்து பார்த்தசாரதி கோயிலுக்கு நடங்கள். தந்திவர்மன் காலப் பல்லவக் கல்வெட்டு உள்ள கோயில், மூலவருக்கு மீசை உண்டு. இங்கே வழி தவறுவது எளிது. பெருமாள் கிழக்கு நோக்கியும் நரசிம்மர் மேற்கு நோக்கியும் இருப்பதால் இரண்டு பக்கமும் வாசல். செருப்பை எந்தப் பக்கம் விட்டீர்களோ அந்தப் பக்கமாகவே வெளியே வாருங்கள். சர்க்கரைப் பொங்கலுக்குப் பெயர்போன கோயில், பிரசாதக் கடையைத் தவறவிட வேண்டாம். பதினொன்றரைக்கு மேல் வந்தால் நடை சாத்தும் நேரம் நெருங்கிவிடும், மறுபடி மாலை நான்குக்கு மேல்தான். மார்கழியில், அதிலும் வைகுண்ட ஏகாதசியன்று, இந்தத் தெருக்களில் சைக்கிள்கூட நுழையாது.

பக்கத்துத் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதி கடைசியாக வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1921-இல் அவரைத் தள்ளிய யானை இந்தக் கோயிலுடையதுதான். கணித மாணவர்கள் இன்னொருவரையும் நினைக்கலாம். 1913-இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தபோது இராமானுஜன் இந்தத் திருவல்லிக்கேணிச் சந்துகளில்தான் குடியிருந்தார்.

அங்கிருந்து ஹை ரோட்டுக்கு வந்தால் வாலாஜா பள்ளிவாசல், ஊர் வாயில் பெரிய மசூதி. 1795-இல் கருங்கல்லில் கட்டியது. முன்னால் பெரிய திடல், நெரிசலான இந்த வட்டாரத்தில் கண்ணுக்குக் கிடைக்கும் ஒரே வெட்டவெளி. ரமலானில் இங்கே நோன்பு திறப்பவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலின் சிந்தித் தொண்டர்கள் உணவு சமைத்து வந்து பரிமாறுவது பல ஆண்டு வழக்கம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் அந்தச் சாலையில் பஸ்ஸை நம்பி வகுப்புக்குக் கிளம்பாதீர்கள்.

மயிலாப்பூரை இந்த நடையில் திணிக்க வேண்டாம். சேப்பாக்கத்திலிருந்து நான்காவது ஸ்டேஷன் திருமயிலை, அதற்குத் தனியாக ஒரு மாலை வேண்டும்.

எந்த நாளில் எந்த வழி

ஸ்டேடியத்தில் மேட்ச் உள்ள நாளில் மூன்று மணிக்கு மேல் வாலாஜா சாலை, பெல்ஸ் ரோடு, விக்டோரியா ஹாஸ்டல் ரோடு மூன்றும் கைவிட்டுப் போகும். சேப்பாக்கம் ஸ்டேஷனில் மஞ்சள் சட்டைக் கூட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். அன்று ஒரு நிறுத்தம் தள்ளித் திருவல்லிக்கேணியில் ஏறுங்கள், அறைக்குப் பாரதி சாலை வழியாகத் திரும்புங்கள். ஜனவரி 26 காலை அணிவகுப்புக்காகக் கடற்கரைச் சாலையான காமராசர் சாலை மூடப்படும், அதற்கு முந்தைய ஒத்திகை நாட்களிலும் காலையில் அப்படித்தான். காணும் பொங்கலன்று நகரமே மெரினாவுக்கு வரும், பஸ்கள் தடம் மாற்றப்படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திருவல்லிக்கேணியின் தாழ்ந்த சந்துகளில் சாக்கடையும் மழைநீரும் கலந்து நிற்கும். அப்போது குறுக்குச் சந்துகளை விட்டுவிட்டு ஹை ரோட்டிலேயே நடங்கள், தூரம் கொஞ்சம் கூடினாலும் மூடியில்லாத சாக்கடைக்குழியில் கால் வைக்கும் ஆபத்து குறைவு.